கடல் பிரிந்தது ஒரு காலம், சங்கு மறைந்தது ஒரு காலம்

கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பி ஓடு. கீலுக்குச் சற்றுக் கீழே வட்டமாக ஒரு துளை. வெளியே அகன்று, உள்ளே போகப் போகச் சரிந்து குறுகும் துளை. மெரினாவிலோ வேளாங்கண்ணியிலோ கிளிஞ்சல் பொறுக்கி நூலில் கோத்தவர்களுக்கு இது பழக்கமானதுதான். ஊசி தேடும் வேலை மிச்சம் என்று பிள்ளைகள் இப்படிப்பட்ட ஓடுகளைத் தனியே எடுத்து வைப்பார்கள். இங்கே நான் சொல்லும் சிப்பி மத்திய அமெரிக்காவில், பனாமா நாட்டின் கரீபியன் கரையில், கொலோன் நகரை ஒட்டிய சாலை வெட்டுகளில் கிடைப்பது. அதற்கு வயது சுமார் ஒரு கோடி ஆண்டு.

துளையிட்டது நாட்டிகா குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உருண்டைச் சங்கு. அது மணலுக்குள்ளேயே ஊர்ந்து போய்த் தன் அகன்ற காலால் இரையைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். அதன் துதிக்கை முனையில் உள்ள சுரப்பி, ஓட்டின் மேல் அமிலத்தைக் கசியவிடும். சுண்ணாம்பு இளகியதும் பற்கள் நிறைந்த நாக்கு அதைச் சுரண்டும். மறுபடி கசிவு, மறுபடி சுரண்டல். மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. துளை விழுந்ததும் துதிக்கையை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். முரெக்ஸ் குடும்பத்துச் சங்குகளும் துளையிடும், ஆனால் அவை போடும் துளையின் சுவர் சரிவில்லாமல் நேராக இறங்கும். ஆகவே துளையைப் பார்த்தே கொன்றது எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பாதியில் கைவிடப்பட்ட துளைகளும் உண்டு. நாட்டிகா விட்டுப்போன அரைகுறைத் துளையின் நடுவில் ஒரு சிறு மேடு மிஞ்சி நிற்கும். அந்தச் சிப்பி அன்றைக்குத் தப்பித்தது என்று ஒரு கோடி ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. தின்ற சங்கும் தின்னப்பட்ட சிப்பியும் அதே பாறையில், சில சமயம் கையெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

இந்தப் பாறைக்குக் கட்டூன் பாறை அமைவு என்று பெயர். பாறை என்றாலும் கடினமானதல்ல. சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், களிமண்ணும் நுண்மணலும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்து இறுகியது. பல இடங்களில் கத்தி முனையால் நெம்பினாலே உதிர்ந்துவிடும். மழை பெய்து மேல்மண் கரைந்ததும் ஓடுகள் தாமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மையோசீன் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஆழமில்லாத கரைக்கடலின் அடியில் படிந்த சேறு இது. ஓடுகள் அழியாமல் தப்பியதற்கும் இந்தச் சேறுதான் காரணம். சங்கு, சிப்பி போன்ற மெல்லுடலிகளின் ஓட்டில் பெரும்பகுதி அரகோனைட் என்ற கனிமம். மழைநீர் ஊடுருவினால் அது எளிதில் கரைந்துபோகும். வெப்பமண்டலத்துப் பழைய சுண்ணாம்புக் கற்களில் நமக்குப் பெரும்பாலும் ஓடு கிடைப்பதில்லை, ஓடு இருந்த இடத்தின் அச்சு மட்டுமே கிடைக்கிறது. கட்டூனின் களிமண் நீரை உள்ளே விடாததால் ஓட்டின் வரிகளும் முட்களும், பல ஓடுகளில் பளபளப்பும்கூட அப்படியே இருக்கின்றன.

கரீபியன் பகுதியின் வேறு சில இடங்களில் நிறத்தின் தடமே மிஞ்சியிருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் கிடைத்த, 48 லட்சம் முதல் 66 லட்சம் ஆண்டு வரை பழமையான கூம்புச் சங்குகளை ஆய்வாளர் ஜோனதன் ஹெண்ட்ரிக்ஸ் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த ஓடுகளில் புள்ளிகளும் பட்டைகளும் ஒளிர்ந்தன. உயிரோடு இருந்தபோது நிறமி இருந்த இடங்கள் அவை. அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் புதைபடிவம் என்றால் சாம்பல் நிறக் கல் என்ற எண்ணம் திரும்ப வராது.

வெப்பமண்டலத்தில் பாறையைப் பார்ப்பதே பெரும்பாடு. வெட்டிவிட்ட சரிவைச் சில மழைக்காலங்களில் புல்லும் கொடியும் மூடிவிடும். மனிதர் பெரிதாக எதையாவது தோண்டும்போதுதான் கட்டூனின் ஓடுகள் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. பனாமா ரயில்பாதை 1855 இல் முடிந்தது. 1857 இல் அமெரிக்கரான டிமதி கான்ராட், கட்டூனிலிருந்து வந்த ஓடுகளை விவரித்துப் பெயரிட்டார். பிறகு கால்வாய் வேலை. அணைக்கும் நீர்ப்படிக்கட்டுகளுக்கும் தோண்டிய பள்ளங்களிலிருந்து ஓடுகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. 1909 இல் பிரான்ஸ் டூலா, 1911 இல் ஏமஸ் பிரவுனும் ஹென்றி பில்ஸ்ப்ரியும் அவற்றைப் பற்றி எழுதினார்கள். 1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. தோண்டிய இடம் பலவற்றை அணை தேக்கிய ஏரி நீர் மூடிக்கொண்டது.

இவர்களுக்கெல்லாம் பிறகு வந்து, வேலையை முழுமையாகச் செய்தவர் வெண்டல் உட்ரிங். 1891 இல் பிறந்த இந்த அமெரிக்க நிலவியலாளர், கால்வாய்ப் பகுதியின் பாறைகளையும் மெல்லுடலிகளையும் பற்றி எழுதிய பெருநூல் 1957 தொடங்கி 1982 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்தது. கடைசிப் பகுதி வந்த மறு ஆண்டு அவர் காலமானார். இனம் இனமாக அளவும் படமும் ஒப்பீடும் கொடுத்துப் போகும் அந்த நூலை யாரும் கதை படிப்பதுபோல் படிக்க முடியாது. ஆனால் இந்த அத்தியாயத்தில் இனி வரும் எல்லாமே அந்த ஒப்பீடுகளின் மேல் நிற்பவைதான். பொறுமையான பட்டியல் வேலையை அறிவியலில் நாம் குறைத்து மதிக்கிறோம் என்பது என் எண்ணம்.

உட்ரிங் ஓடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போனபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. கட்டூன் இருப்பது கரீபியன் கரையில். அங்கே கிடைக்கும் சங்குகளின் நெருங்கிய உறவினர் பலர் இன்று கரீபியனில் இல்லை. பனாமா பூசந்தியின் மறுபக்கம், பசிபிக் கடலில் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் இரு பக்கமும் வாழ்ந்து, இன்று பசிபிக்கில் மட்டும் எஞ்சிய இந்த இனங்களுக்கு அவர் ‘பசிபிக் விரும்பிகள்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். ஸ்ட்ராம்பினா என்ற சிறு சங்கின் குடும்பம் இதற்குப் பெரும்பாலும் பொருந்தும் உதாரணம். மையோசீன் கரீபியனில் இது பல கிளைகளாகச் செழித்தது. இன்று பசிபிக் பக்கத்தில்தான் அதன் பெரும்பாலான இனங்கள் வாழ்கின்றன. கரீபியனில் மிஞ்சியவை மிகச் சில.

உறவுக்குக் காரணம் புரிந்துகொள்ள எளிது. அந்தச் சங்குகள் வாழ்ந்தபோது பனாமாவில் இன்றுள்ள நிலப்பாலம் முழுமையாக இல்லை. எரிமலைத் தீவுகள் வரிசையாக நின்றன, அவற்றுக்கு நடுவே பசிபிக் நீர் கரீபியனுக்குள் புகுந்து வந்தது. நிலத்தட்டுகள் மோதி நெருங்க நெருங்கக் கடற்கால்வாய்கள் மேடேறி, குறுகி, கடைசியில் அடைபட்டன. எப்போது அடைபட்டன என்பதில் பெரிய வழக்கு நடந்தது. கொலம்பியாவின் வடமேற்கில், பனாமாவின் எரிமலைப் பாறைக்கே உரிய சிர்கான் என்ற கனிம மணிகளை ஒரு பழைய ஆறு கொண்டுவந்து சேர்த்திருப்பதைக் காட்டி, 1 கோடியே 30 லட்சம் முதல் 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நிலம் இணைந்துவிட்டது என்று 2015 இல் கமிலோ மாண்டெஸ் குழுவினர் வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆரன் ஓடேயும் அவருடைய கூட்டாளிகளும் பதில் எழுதினார்கள். ஓரிடத்தில் ஆறு கடந்தது என்பதால் எல்லா இடத்திலும் கடல் நின்றுவிடாது. இரு கடல்களின் உயிரினங்கள், நீரின் வேதியியல், வடக்கும் தெற்கும் இடம்பெயர்ந்த பாலூட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முழு அடைப்பு சுமார் 28 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்றார்கள். கடல் பிரிந்ததா இல்லையா என்பதைக் கடலில் வாழ்ந்தவற்றிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதால், எனக்கு இரண்டாவது தரப்பே சரியாகப் படுகிறது.

இன்று பனாமாவில் இரு கரைகளுக்கும் நடுவே கால்வாயின் நீளம் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு கடல்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்று பூசந்தியின் தாழ்வான இடைவெளிகள் வழியே பாய்ந்து, பனாமா வளைகுடாவின் மேற்பரப்பு நீரைத் திறந்த கடலுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. எழும் நீரில் உப்புச்சத்துகள் மிகுதி. மிதவைப் பாசி பெருகி நீர் பச்சையாகிறது, நெத்திலி கூட்டமாக வருகிறது, அதைத் தின்னக் கூழைக்கடாக்கள் வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரையோரம் வரை நடப்பதும் இதுவே. மத்தி மீன் வரத்து அதை நம்பியிருக்கிறது. கரீபியன் பக்கத்தில் இந்த எழுச்சி இல்லை. நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக, கண்ணாடியாகத் தெளிந்து, சத்துக் குறைந்து கிடக்கிறது. அந்தத் தெளிவில்தான் பவளம் வளர்கிறது.

கட்டூன் காலத்துக் கரீபியன் எந்த வகைக் கடல்? இதற்குப் பதில் டரிட்டெல்லா என்ற சங்கில் இருக்கிறது. திருகாணி போல நீண்டு கூர்ந்த ஓடு, கட்டூனில் எங்கே பார்த்தாலும் கிடைப்பது. கான்ராட் 1857 இல் பெயரிட்டவற்றில் இதுவும் உண்டு. சேற்றில் பாதி புதைந்து, நீரை வடிகட்டி அதிலுள்ள துகள்களைத் தின்று வாழும் சங்கு இது. இன்றைய டரிட்டெல்லாக்கள் பெருங்கூட்டமாக இருக்கும் இடங்கள் பெரும்பாலும் சத்து மிகுந்த, சற்றுக் குளிர்ந்த கரைக்கடல்கள் என்று வாரன் ஆல்மன் காட்டியிருக்கிறார். அப்படியானால் கட்டூனில் குவிந்து கிடக்கும் டரிட்டெல்லாக்களே ஒரு சாட்சி. ஆனால் அதைவிட நுணுக்கமான சாட்சியம் ஓட்டின் சுண்ணாம்புக்குள் இருக்கிறது.

சங்கு வளரும்போது வாயருகே நாளுக்கு நாள் புதுச் சுண்ணாம்பு சேர்க்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன், கடல்நீரிலிருந்து எடுத்தது. ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்று இரு ஐசோடோப்புகள் உண்டு. நீர் குளிர்ந்தால் ஓட்டில் 18 இன் பங்கு சற்றுக் கூடும். ஆய்வாளர்கள் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற நுண்துளைக் கருவியால் சங்கின் சுருளை ஒட்டியே நகர்ந்து, சிட்டிகைக்கும் குறைவான மாவைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார்கள். முனையிலிருந்து வாய் வரை எடுத்த மாதிரிகளை வரிசையாக அளந்தால் அந்தச் சங்கு கண்ட கோடையும் குளிரும் வரைபடத்தில் ஏறி இறங்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்று நன்னீரில் 16 அதிகம். மழைக்காலத்தில் ஆறு கடலில் கலந்தாலும் அளவு மாறும். குளிரால் மாறியதா, மழையால் மாறியதா? இங்கே கார்பன் உதவிக்கு வருகிறது. அடிக்கடல் நீர் எழும்போது ஆக்சிஜன் 18 கூடும், அதே வேளையில் கார்பன் 13 குறையும். இரண்டும் எதிரெதிராகப் போகும். நன்னீர் கலக்கும்போது இரண்டும் சேர்ந்தே குறையும். ஒரே ஓட்டில் இரு தனிமங்களையும் அளந்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால், அந்தச் சங்கு வளர்ந்த நாட்களில் கரைக்குக் குளிர்நீர் வந்ததா, ஆற்று வெள்ளம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஒரு விரல் நீளச் சங்கிலிருந்து இவ்வளவு பெற முடியும் என்பது நம் காலத்து அறிவியலின் அழகுகளில் ஒன்று.

கட்டூன் ஓடுகள் சொன்ன பதில் இதுதான்: கரீபியன் அன்று இன்றைய பசிபிக் கரைக்கு நெருக்கமாக இருந்தது. பருவத்துக்குப் பருவம் நீர் மாறியது, எழுச்சியும் ஆறுகளும் சத்தைக் கொட்டின. அதில் டரிட்டெல்லா கொழித்தது, அதைத் தின்னும் சங்குகளும் மீன்களும் பெருகின. மெகலடான் என்ற பெருஞ்சுறாவின் பற்களும் இதே பாறையில் கிடைக்கின்றன. அவற்றில் சின்னஞ்சிறு பற்களே மிகுதி என்பதால், அந்தச் சுறா குட்டிகளை வளர்க்கத் தேர்ந்த கரை இது என்று கத்தலினா பிமியெண்டோ குழுவினர் 2010 இல் எழுதினார்கள். அவர்கள் பற்கள் எடுத்த சரிவுகளே கட்டுமான வேலைக்காகத் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தன. கட்டூன் திறந்துகொள்வதும் காணாமல் போவதும் ஒரே மண்வெட்டியால்தான் நடக்கிறது. இது எனக்கு வேதனை தரும் செய்தி. எடுத்து வைக்கப்படாத ஓடு ஒன்றும் அருங்காட்சியகத்துக்குத் தானாக நடந்து போவதில்லை.

கரீபியன் எப்போது மாறியது? 1986 இல் ஜெரிமி ஜாக்சனும் ஆன்டனி கோட்ஸும் பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தை மையமாக வைத்து ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார்கள். கட்டூன் மட்டுமல்ல, போகாஸ் டெல் டோரோ தீவுகள், கோஸ்டா ரிகாவின் லிமோன் கரை என்று கரீபியன் ஓரத்தில் அடுத்தடுத்த காலத்துப் பாறைகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார்கள். அழகான ஓடாகப் பார்த்துப் பொறுக்கும் பழக்கத்தை விட்டார்கள். மண்ணை அப்படியே பை பையாக அள்ளி, கழுவி, சலித்து, எஞ்சிய ஒவ்வொரு ஓட்டையும் பெயர் சொல்லி எண்ணினார்கள். அழகைத் தேடுபவர் கையில் அரிய ஓடுகள் மட்டுமே சேரும். கடலில் யார் அதிகம் இருந்தார்கள் என்று தெரிய உடைந்த, மங்கிய, சலிப்பூட்டும் ஓடுகளையும் எண்ண வேண்டும்.

நீரின் மாற்றத்தைக் காட்டிக்கொடுத்தவை, சங்குகளோடு சேர்ந்து கிடைக்கும் பிரயோசோவா என்ற நுண்ணிய கூட்டுயிர்கள். ஒரு கூட்டத்தில் உள்ள அத்தனை உயிர்களும் ஒரே மரபணு கொண்ட நகல்கள். நீர் குளிர்ந்தால் புதிதாக முளைப்பவை பெரிதாகவும், வெதுவெதுப்பானால் சிறிதாகவும் இருக்கும். ஒரே கூட்டத்தில் பெரிதும் சிறிதும் கலந்திருந்தால் அந்தக் கடலில் பருவ மாற்றம் வலுவாக இருந்தது. எல்லாம் ஒரே அளவென்றால் நீர் மாறாமல் இருந்தது. ஓடேயும் ஜாக்சனும் அவர்களுடைய கூட்டாளிகளும் இப்படி அளந்து 2007 இல் வெளியிட்ட முடிவு: 42 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கும் 34 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கரீபியனில் பருவ எழுச்சி அடங்கிப்போனது. கடல் தெளிந்தது, பவளமும் சுண்ணாம்புப் பாசியும் பரவின.

அப்போதே பசிபிக் விரும்பிகள் செத்திருக்க வேண்டும் அல்லவா? எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். எண்ணிக்கை வேறு கதை சொன்னது. கரீபியன் மெல்லுடலிகளின் பேரழிவு நடந்தது 20 லட்சம் ஆண்டுகளுக்கும் 10 லட்சம் ஆண்டுகளுக்கும் இடையில். உணவு குறைந்ததற்கும் உயிர் போனதற்கும் நடுவே ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகள்.

இந்த இடைவெளியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அழிவுக்குக் காரணம் தேடும்போது நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? உயிரினம் கடைசியாகத் தென்படும் அடுக்குக்கு நேர் மேலே அல்லது கீழே தேடுகிறோம். அங்கே ஒரு குளிர்ச்சி, ஒரு கடல்மட்ட இறக்கம் தெரிந்தால் அதன் மேல் பழியைப் போடுகிறோம். கரீபியனிலும் அது நடந்தது. அழிவின் காலத்தில் பனியுகங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்ததால் குளிரே காரணம் என்று சொல்வது எளிதாக இருந்தது. ஆனால் வேர் அதற்கும் மிகக் கீழே, வேறொரு அடுக்கில் இருந்தது. அங்கே இனங்கள் பெரிய அளவில் மறையவில்லை.

அப்படியானால் அந்த இருபது லட்சம் ஆண்டுகளில் என்னதான் நடந்தது? பைகளில் அள்ளிய மண் இங்கேதான் கைகொடுத்தது. மையோசீனை அடுத்து வந்த பிளையோசீன் காலம் தொடங்கி இன்று வரை, இரை தின்னும் சங்குகளும் நீரை வடிகட்டித் தின்னும் சிப்பிகளும் தலைக்கணக்கில் குறைந்துகொண்டே வந்திருப்பதை ஜோனதன் டாட் முதலானோர் காட்டினார்கள். பவளத் திட்டுகளை ஒட்டி வாழ்பவை பெருகின. இனங்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு சரியாகத் தெரியாது. பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் கடலில் அரிதாகியிருப்பார். உழைப்பைக் கேட்கும் எண்ணிக்கை வேலை இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இன்று ஒரு கடலின் நலத்தை இன்னும் எத்தனை இனங்கள் மிச்சம் என்ற ஒரே கேள்வியால் அளக்கும்போதெல்லாம் இந்த மண் பைகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

மாற்றம் குஞ்சுகளையும் தொட்டது. ஒரு சங்கின் நுனியை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். உச்சியில் வழவழப்பான, மற்றதிலிருந்து தனித்துத் தெரியும் சிறு பகுதி ஒன்று இருக்கும். அது சங்கு முட்டையிலிருந்து வந்த காலத்து ஓடு. சங்கு வளர்ந்து கிழமானாலும் நுனி தேயாதவரை அது அங்கேயே இருக்கும். அந்தப் பகுதி பல நெருக்கமான சிறு சுற்றுகளாக இருந்தால், குஞ்சு வாரக்கணக்கில் கடலில் மிதந்து பாசி தின்று வளர்ந்தது என்று பொருள். ஓரிரு பெரிய சுற்றுகள் மட்டும் இருந்தால், தாய் முட்டையில் வைத்துக் கொடுத்த உணவே போதும் என்று அடியிலேயே தங்கி வளர்ந்தது. ஸ்ட்ராம்பினா குடும்பத்தை ஹெலெனா ஃபோர்ச்சுனாட்டோ இப்படி ஆராய்ந்தபோது இரு கடல்களும் இரு வழிகளில் போயிருப்பது தெரிந்தது. பசிபிக் பக்கத்தில் மிதந்து தின்னும் குஞ்சுகள் தொடர்ந்தன. கரீபியனில் முட்டை உணவை நம்பியவை மேலோங்கின. பாசி குறைந்த நீரில் குஞ்சைப் பசியோடு விடுவதைவிடக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்புவதே பிழைக்கும் வழியாக இருந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் நுனியில் ஒரு கடலின் வறுமை பதிந்திருக்கிறது.

இனங்கள் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது எப்படி? பரந்த கடலில் ஒரு சத்துமிக்க மூலை போதும், சில ஆயிரம் சங்குகள் வாழ்ந்துவிடும். ஆற்று முகத்துவாரங்களும், காற்று இன்னும் நீரைக் கிளறிக்கொண்டிருந்த கரைத் துண்டுகளும் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கும். அப்படிச் சிறு சிறு திட்டுகளாகச் சுருங்கியவற்றை அடுத்து வந்த ஏதாவது ஓர் அதிர்ச்சி எளிதாக முடித்துவிட முடியும். அதிர்ச்சி எந்தப் பனியுகத்தில் வந்தது என்பது இரண்டாவது கேள்விதான்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கரீபியனில் இன்றும் குளிர்நீர் எழும் கரை எங்கே என்று பார்த்து, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று தேடலாம். தென் அமெரிக்காவின் வடமுனையில், கொலம்பியாவின் குவாஹிரா தீபகற்பத்திலும் அதை அடுத்த வெனிசுலாக் கரையிலும் காற்று கரைக்கு இணையாக வீசி அடிநீரை மேலே கொண்டுவருகிறது. எட்வர்ட் பெட்டுச் 1981 இல் அந்தக் கரையின் சங்குகளைப் பற்றி எழுதினார். கரீபியனின் மற்ற இடங்களில் எப்போதோ மறைந்துவிட்ட, புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்ட பழைய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன.